மலடி என்று சொல்வதற்கு முன்னே



கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது, வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்றால் நம் தோட்டத்தில் என்ன நடக்கிறது? பெரட்டுக் களத்திலே பேச்சு, கோயில் வாசலிலே பேச்சு. "என்னம்மா, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?" என்று அந்தப் பெண்ணைத்தான் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். அவளும் அரசமரத்தைச் சுற்றுகிறாள், வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறாள். நாட்டு மருந்தும் சாப்பிடுகிறாள். பிறகு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று வரிசையில் உட்காருகிறாள்.

மாப்பிள்ளை எங்கே? அவர் வேலைக்காட்டில் இருக்கிறார், இல்லாவிட்டால் காப்பிக்கடையில் இருக்கிறார். "எனக்கு என்ன கொறச்சல்? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். அவருடைய அம்மாவும் "என் மகன் சிங்கம் மாதிரி இருக்கான், வந்தவதான் சரியில்ல" என்கிறார்.

நம் பேச்சையே கவனித்துப் பாருங்கள். மலடி என்ற சொல்லைத் தோட்டத்தில் கேட்காதவர் இல்லை. மலடன் என்றும் ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அதை யாராவது ஓர் ஆணைப் பார்த்துச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் காரியத்தில் பழியை மட்டும் ஒருத்தி தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். இது அநியாயம் என்பது ஒரு பக்கம். மருத்துவப்படி பார்த்தாலும் இது தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

பிள்ளையில்லாத தம்பதிகளை இருவரையும் சோதித்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் குறை தனியாகவோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ இருக்கிறது என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு காலத்தில் இந்தக் கஷ்டம் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஆகவே இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் அல்ல.

செம்பனை சொல்லித் தரும் பாடம்

செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஒரே மரத்தில் ஆண் பூவும் வருகிறது, பெண் பூவும் வருகிறது. ஆனால் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் குலையில் பழம் பிடிக்கும். 1981-க்கு முன்னால் இந்த நாட்டுத் தோட்டங்களில் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். மூத்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டே வேலையைப் பார்த்துக்கொண்டது, கையால் தூவும் வேலை போய்விட்டது.

குலை சரியாகப் பிடிக்காத காலத்தில் மானேஜர் என்ன செய்தார்? பெண் பூவைத் திட்டிக்கொண்டு நிற்கவில்லை. மகரந்தம் போய்ச் சேருகிறதா என்று பார்த்தார். மரத்துக்குக் கிடைத்த இந்த நியாயம் நம் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கக் கூடாதா?

ஆண் உடம்பின் அமைப்பு

வெட்கப்படாமல் படியுங்கள். கண், காது, இருதயம் போல இதுவும் உடம்பின் ஓர் உறுப்புதான்.

ஆணுக்கு இரண்டு விதைகள் இருக்கின்றன. அவை விதைப்பையில் உடம்புக்கு வெளியே தொங்குகின்றன. இவ்வளவு முக்கியமான பொருளை இயற்கை ஏன் வெளியே தொங்கவிட்டது? விந்தணு உற்பத்திக்கு உடம்புச் சூடு அதிகம். அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். குளிர் அடித்தால் பை சுருங்கி மேலே ஏறுவதும், வெக்கையில் தளர்ந்து இறங்குவதும் இதற்காகத்தான். நாற்றுமேடைக்கு நிழற்பந்தல் போடுகிறோமே, அது மாதிரி.

விதைக்கு இரண்டு வேலை. ஒன்று, விந்தணுவை உண்டாக்குவது. மற்றொன்று, டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் விடுவது. மீசை, கட்டைக் குரல், தசை வலு, ஆசை எல்லாம் இந்தச் சுரப்பு நீரால் வருவது. இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடந்தாலும், செய்கிற அணுக்கள் வேறு வேறு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 70 நாள் பிடிக்கிறது. பிறகு அது விதையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுருள் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 20 அடி நீளம் வரும்! அதற்குள் சில நாள் தங்கி ஊர்ந்து போகும்போதுதான் அணுவுக்கு நீந்துகிற சக்தி வருகிறது. நாற்றை மேடையிலிருந்து எடுத்தவுடன் காட்டில் நடாமல், பையில் வைத்துத் தேற்றுகிறோம் அல்லவா? அதே கதைதான். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மாதம். ஆகவே இன்றைக்கு வெளிவரும் விந்தணு, மூன்று மாதத்துக்கு முன்னால் வேலை தொடங்கியது. அப்போது உங்களுக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதன் கெடுதல் இன்றைய கணக்கில் தெரியும். இன்றைக்குச் சிகரெட்டை நிறுத்தினால் அதன் பலனும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

சுருள் குழாயிலிருந்து விந்து நாளம் மேலே ஏறி வயிற்றுக்குள் போகிறது. மூத்திரப் பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விந்துப் பைகள் ஒரு நீரைச் சேர்க்கின்றன. மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி இன்னொரு நீரைச் சேர்க்கிறது. வெளியே வரும் விந்தில் மிகப் பெரும் பகுதி இந்த நீர்கள்தான். விந்தணு நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. அதனால் கண்ணால் பார்த்து, "எனக்கு நிறைய வருது, கெட்டியா வருது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அதில் அணு இருக்கிறதா, நீந்துகிறதா என்று பூதக்கண்ணாடிதான் சொல்ல வேண்டும்.

ஆண்மை வேறு, அணு வேறு

இங்கேதான் நம் ஆட்கள் பெரிய குழப்பத்தில் இருக்கிறார்கள். "நான் பெண்டாட்டியோடு நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எப்படிக் குறை இருக்கும்?" என்கிறார்கள். மேலே சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஆசையும் எழுச்சியும் ஒரு கணக்கு, விந்தணு இன்னொரு கணக்கு. மீசையும் தசையும் படுக்கையறை வலுவும் எல்லாம் இருந்தும், விந்தணு ஒன்றுகூட இல்லாத ஆண்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாமல் இருக்கிற ஒருவருக்கு அணு கணக்கு நன்றாகவும் இருக்கலாம். அணு குறைந்தவன் ஆண்மை குறைந்தவன் அல்ல. இது புரிந்துவிட்டால் பரிசோதனைக்குப் போக வெட்கம் எதற்கு?

குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஆணுக்கு நாளத்தைக் கட்டினால் ஆண்மை போய்விடும் என்று பயப்படுவதும் இதே குழப்பம்தான். கட்டுவது அணு போகிற குழாயை. சுரப்பு நீர் இரத்தத்தில் கலக்கிறது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை.

என்னென்ன காரணம்?

விதையின் மேலே இரத்தக் குழாய்கள் புடைத்துப் புழுக்கூட்டம் போலத் தடிப்பது ஒரு காரணம். இது பல ஆண்களுக்கு இருக்கிறது, எல்லோருக்கும் தொல்லை கொடுப்பதில்லை, வேண்டுமானால் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம். வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கினால் அது அணுவைப் பாதிக்கலாம். பால்வினை நோயை மறைத்து வைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். குழந்தையாய் இருக்கும்போதே விதை பையில் இறங்காமல் போனதும் ஒரு காரணம். ஆண் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் "தானா எறங்கிடும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சிகரெட்டும் சம்சுவும் அணுவைக் குறைக்கின்றன. இனிப்பு நீர் நம் இந்தியர்களிடம் மற்ற இனத்தாரைவிட அதிகம். அதைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டு எழுச்சியே குறையும். இளவட்டங்கள் உடம்பு ஏற்ற வேண்டும் என்று போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், "சரக்கு வந்துவிட்டது" என்று மூளை விதைக்குக் கொடுக்கிற உத்தரவை நிறுத்திவிடும். உடம்பு பெருக்கும், விந்தணு அற்றுப்போகும்.

தொழிலாளி அறிய வேண்டிய ஒரு சரித்திரம்

வேலையும் ஒரு காரணமாகலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாத்ரோப் என்னும் ஊரில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. அங்கே டி.பி.சி.பி. என்னும் மருந்தைக் கலந்தார்கள். மண்ணில் இருக்கும் வேர்ப்புழுவைக் கொல்லும் மருந்து அது. வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசும்போது ஒரு விஷயம் வெளியே வந்தது: அந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் கொஞ்ச காலமாகப் பிள்ளையே பிறக்கவில்லை! 1977-இல் தொழிற்சங்கத்தின் மூலமாகப் பரிசோதனை செய்துகொண்டார்கள். பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அவர்கள் பார்வைக்கு நல்ல திடகாத்திரமான ஆட்கள். தலைவலியில்லை, காய்ச்சலில்லை. படுக்கையறையிலும் குறையில்லை.

அந்த மருந்து எலிகளின் விதையைச் சுருங்க வைக்கிறது என்று 1961-இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகியிருந்தது. அது தொழிலாளியின் காதுக்கு வந்து சேரவே 16 வருஷம் ஆகிவிட்டது! 1979-இல் அமெரிக்கா பெரும்பாலான உபயோகத்தைத் தடை செய்தது. அதற்குள் கோஸ்டாரிகா, நிகராகுவா, ஹோண்டுராஸ், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அந்த மருந்து இறங்கிவிட்டது. அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மலட்டுத்தன்மைக்கு நஷ்டஈடு கேட்டுப் பல வருஷம் கோர்ட்டு ஏறினார்கள். சிலருக்கு அந்த வேலையை விட்ட பிறகு அணு திரும்பி வந்தது, சிலருக்கு வரவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்கள் ஒருவருக்கொருவர் வாய் திறந்து பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொருவர் வீட்டிலும் மனைவியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதலாளியின் பீப்பாயில் இருந்த குற்றம் பெண்ணின் வயிற்றுக் குற்றமாய்ப் போயிருக்கும்.

நாம் அடிக்கிற மருந்தெல்லாம் இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் எந்த மருந்து என்ன செய்யும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. மருந்தடிப்பவர்களுக்குப் பல காலம் தொல்லை கொடுத்த பாராகுவாட் 2020-இல் இந்த நாட்டில் முழுக்கத் தடை செய்யப்பட்டது. அதை அடித்தவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரசாயனம் சம்பந்தமாக 2000-இல் வந்த விதிகளின்படி, வேலையிடத்து மருந்தின் ஆபத்தை முதலாளி மதிப்பிட வேண்டும், தொழிலாளிக்கு விளக்கமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஆகவே மண்டோரிடம் கேளுங்கள்: "இந்த மருந்துக்குப் பேர் என்ன? பாதுகாப்புத் தாள் எங்கே?" பதில் வராவிட்டால் சங்கக் கமிட்டியிடம் சொல்லுங்கள். கையுறை, முகமூடி, காலணி கொடுத்தால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் அங்கேயே குளிக்கத் தண்ணீரும், உடுப்பு மாற்ற இடமும் வேண்டும். மருந்து பட்ட உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். பிள்ளைகளின் துணியோடு அதை ஒன்றாகத் துவைக்கவும் வேண்டாம்.

பரிசோதனை எப்படி?

ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவரும் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போய்விடுங்கள். பெண்ணுக்குச் செய்கிற சோதனைகளில் ஊசி, ஸ்கேன், குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுப்பது என்று பல உண்டு. சில வலிக்கும். ஆணுக்கோ முதல் சோதனை மிக எளிது: ஒரு சின்ன டப்பாவில் விந்து கொடுப்பது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை விந்து வெளிப்படாமல் இருக்க வேண்டும். எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குள், குளிர விடாமல், ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் ஒன்றரைக் கோடி அணுவுக்கு மேல் இருந்தால் எண்ணிக்கை பரவாயில்லை என்பது பொதுக் கணக்கு. குறைவாக வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள், மறுபடியும் சோதிப்பார்கள். குறை இருந்தாலும் பலருக்கு வைத்தியம் உண்டு. அரசாங்க கிளினிக்கில் கேட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கடிதம் கொடுப்பார்கள். எல்.பி.பி.கே.என். என்னும் குடும்ப மேம்பாட்டு வாரியத்திலும் விசாரிக்கலாம்.

சுலபமான சோதனையை முதலில் செய்வதுதானே புத்தி? வலியும் செலவும் உள்ளதை அவளுக்கு வருஷக்கணக்காகச் செய்துவிட்டு, கடைசியில் அவனைக் கூப்பிடுவது என்ன நியாயம்?

ஆண்மைக் குறைவுக்கு லேகியம் என்று ஊர் ஊராய் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களிடம் சம்பளத்தைக் கொட்டாதீர்கள். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து என்று பயமுறுத்தித்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். விந்து இரத்தத்திலிருந்து வடிவதில்லை. உடம்பு அதை நாளும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியேறுவதும் நோய் அல்ல. பையன்கள் இதை நினைத்துப் பயந்து மெலிய வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தால் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும் காட்டுங்கள். இளவயதில் வரும் விதைப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம்.

பெண்ணாகப் பெற்றதும் அவள் குற்றமா?

"மூணும் பொட்டப் புள்ளையா பெத்துட்டா" என்று மருமகளை ஏசுகிற மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. விந்தணுவில் எக்ஸ் உள்ளது, ஒய் உள்ளது என்று இரண்டு வகை. பெண்ணின் முட்டையில் எக்ஸ் மட்டும்தான். ஒய் அணு போய்ச் சேர்ந்தால் ஆண், எக்ஸ் அணு சேர்ந்தால் பெண். ஆகவே குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிற அணு உங்கள் மகனுடையது, அம்மா! அவனையும் குறை சொல்லாதீர்கள். அது அவன் கையிலும் இல்லை.

முடிவாக, மருமகளை "என்ன குறை" என்று கேட்கிற வாய், மகனையும் "நீ சோதிச்சுப் பாத்தியா?" என்று கேட்கட்டும். தோழர்களே, அடுத்த தடவை மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நீங்களும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே போங்கள். டாக்டர் முன்னால் இரண்டு நாற்காலி இருக்கும். ஒன்று உங்களுக்குத்தான்.